நாளுக்கு ஒரு தண்டால் கூடுதலாக: கிறிஸ் நிகிச்சின் பயிற்சித் திட்டம் – ஒரு நிகழ்வு ஆய்வு

2020 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், பனாமா சிட்டி பீச் என்ற கடலோர ஊரில் நடந்த அயர்ன்மேன் போட்டியை 21 வயது கிறிஸ் நிகிச் 16 மணி 46 நிமிடம் 9 விநாடியில் முடித்தார். கடலில் 3.86 கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் 180 கிலோமீட்டர் சைக்கிள், அதிலிருந்து இறங்கியதும் 42.2 கிலோமீட்டர் மராத்தான். எல்லாம் ஒரே நாளில். 17 மணி நேரம்தான் கெடு. அதைத் தாண்டினால் முடித்தவர் கணக்கில் வர முடியாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவர் அயர்ன்மேனை முடித்தது அதுவே முதல் முறை. கின்னஸ் பதிவிலும் ஏறியது.

அந்தப் போட்டியின் காணொளி அப்போது எங்கெங்கோ சுற்றியது. பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள், பகிர்ந்தார்கள், அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையை வளர்க்கும் ஓர் அம்மாவுக்கு அதனால் என்ன கிடைத்தது என்பதுதான் எனக்கு முக்கியம். "அந்தப் பையன் விதிவிலக்கு. நம்ம பையன் மாடிப்படி ஏறினாலே உட்கார்ந்துக்கிறான்" என்று அவர் தள்ளிவைத்துவிட்டால் அது அவருக்குப் பயன்படவில்லை என்று அர்த்தம். அதனால்தான் இதை ஒரு உடற்பயிற்சித் திட்டமாகப் பிரித்துப் பார்க்கிறேன். எப்படிப்பட்ட உடலுக்குக் கொடுத்தார்கள்? எந்த அளவில் தொடங்கினார்கள்? இடையில் நின்றுபோகாமல் எது காப்பாற்றியது? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டத்தில் நிஜமாக வேலை செய்த மருந்து, கூடவே ஓடிய ஆள். பயிற்சி அட்டவணை, கருவி, உணவு எல்லாம் அதற்கு அடுத்துதான்.

முதலில் அந்த உடலைப் பற்றி

டவுன் சிண்ட்ரோம் என்பது 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் வருவது. சுமார் 700 முதல் 1,000 குழந்தைகளில் ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. முகச்சாயலையும் கற்றல் தாமதத்தையும் பற்றி எல்லோரும் பேசுவார்கள். உடற்பயிற்சி என்று வரும்போது கவனிக்க வேண்டியவை வேறு.

தசைகள் தளர்வாக இருக்கும். மூட்டுகளைப் பிடித்துவைக்கும் தசைநார்களும் இளகியிருக்கும். அதனால் தட்டைப்பாதம், வழுக்கும் முழங்கால் சில்லு, சிலருக்கு இடுப்பு மூட்டிலும் நிலையின்மை. நடக்கும்போது உடல் பக்கவாட்டில் அதிகமாக அசையும். அதே வேகத்தில் நடக்க மற்றவர்களைவிட அதிக சக்தி செலவாகும். வெளியில் இருந்து பார்ப்பவர் "சோம்பேறி, நடக்கவே மாட்டேங்கிறான்" என்பார். அந்தப் பிள்ளை உண்மையில் நம்மைவிட அதிகம் உழைத்துத்தான் நடக்கிறது.

இதயம் அடுத்தது. டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறைபாடு இருக்கிறது. அது சரிசெய்யப்பட்டிருந்தாலும், குறைபாடே இல்லாமல் பிறந்திருந்தாலும், இன்னொரு விஷயம் உண்டு. கடுமையாக உழைக்கும்போது நம் இதயம் துடிப்பைக் கூட்டிக்கொண்டே போகும். இவர்களின் இதயம் அந்த அளவு கூட்டாது. 20 வயது இளைஞருக்குப் பொதுவாக உச்சத்துடிப்பு நிமிடத்துக்கு 200ஐ ஒட்டி இருக்கும் என்றால், டவுன் சிண்ட்ரோம் உள்ள அதே வயதுக்காரருக்கு அது 170ஐ ஒட்டித்தான் இருக்கும். உழைப்பின்போது உடல் சுரக்கும் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் இவர்களுக்குக் குறைவாகவே ஏறுகின்றன என்பது இதற்கு ஒரு காரணம். ஜிம்மில் இருக்கும் டிரெட்மில் "220இல் வயதைக் கழி" என்ற பழைய கணக்கில் இலக்குத் துடிப்பைக் காட்டும். அதை நம்பி இந்தப் பிள்ளையை ஓடவிட்டால், அவரால் எட்டவே முடியாத எண்ணை நோக்கி விரட்டுகிறோம். பயிற்சியாளர் "போதாது, இன்னும்" என்பார். பிள்ளை உச்சத்தில் இருப்பான்.

தைராய்டு சுரப்பு குறைவது இவர்களிடம் அடிக்கடி காணப்படுவது. தூக்கத்தில் மூச்சு தடைபடுவது அதைவிட அதிகம். இரவு முழுக்கச் சரியாகத் தூங்காத உடல் பகலில் அசைய மறுக்கும், இனிப்பைத் தேடும். குழந்தைகளிடம் செய்த அளவீடுகளில், ஓய்வில் இருக்கும்போது செலவாகும் சக்தியும் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாக இருப்பது தெரிந்தது. வளர்ந்த பிறகு உடல் பருமன் இவர்களிடம் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதற்கு இவை எல்லாம் சேர்ந்துதான் விடை. "வாயைக் கட்டுப்படுத்தவில்லை" என்று அம்மாவைக் குறை சொல்லும் உறவினர்கள் இதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிறிஸ் எங்கிருந்து தொடங்கினார்

1999இல் பிறந்தவர். ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது இதயத்தைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். நடக்கத் தொடங்கியது சுமார் நான்கு வயதில். இரண்டு சக்கர சைக்கிள் ஓட்டக் கற்றது 15 வயதில், அதுவும் மாதக்கணக்கில் முயன்ற பிறகு. பதின்ம வயதில் காதில் பல அறுவை சிகிச்சைகள் நடந்தன. அந்தக் காலத்தில் விளையாட்டு நின்றுபோனது. டவுன் சிண்ட்ரோமில் காதுக் குழாய்கள் குறுகலாக இருப்பதால் சீழ், நீர் கோப்பது, கேட்கும் திறன் குறைவது எல்லாம் சகஜம். காதுக்கு மருத்துவம் நடக்கும்போது நீச்சலை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்திய பிறகு மறுபடி தொடங்கச் சொல்லி யாரும் நினைவூட்ட மாட்டார்கள். பல பிள்ளைகளின் உடலியக்கம் இப்படித்தான் சத்தமில்லாமல் முடிந்துபோகிறது. இந்த இடத்தில் கிறிஸின் கதையும் நம் ஊர்ப் பிள்ளைகளின் கதையும் ஒன்றுதான்.

அப்புறம் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் புளோரிடா நடத்திய டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் தொடர்ந்து செய்யும் போட்டி) திட்டத்தில் சேர்ந்தார். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான இந்த விளையாட்டு அமைப்பு 1968இல் சிகாகோவில் முதல் போட்டியை நடத்தியது. தொடங்கியவர் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர். கிறிஸ் முதலில் செய்தது குறைந்த தூர டிரையத்லான். அங்கிருந்துதான் அயர்ன்மேன் என்ற எண்ணம் வந்தது.

அவருடைய சொந்த ஆசைகள் வேறு. தனக்கென்று ஒரு வீடு, ஒரு கார், ஒரு மனைவி. 20 வயது இளைஞர் எவரும் ஆசைப்படுவதுதான். பயிற்சி அந்த ஆசைகளோடு இணைக்கப்பட்டது. "இது உன் உடம்புக்கு நல்லதுப்பா" என்று சொல்லி யாரையும் மாதக்கணக்கில் காலை இருட்டில் எழுப்ப முடியாது. இவர் எழுந்ததற்குக் காரணம் இவருடையதாக இருந்தது.

ஒரு சதவீதம்

தந்தை போட்ட திட்டத்துக்கு "நாளுக்கு ஒரு சதவீதம் மேல்" என்று பெயர். நடைமுறையில் அது இப்படித் தொடங்கியது: முதல் நாள் ஒரு தண்டால், ஒரு பஸ்கி, ஒரு சிட்-அப். மறுநாள் ஒன்று கூடுதல். அதற்கு மறுநாள் இன்னும் ஒன்று.

கேட்க எளிமையாக இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒன்றில் இருந்து இரண்டுக்குப் போவது நூறு சதவீத உயர்வு. பத்தில் இருந்து பதினொன்றுக்கு பத்து சதவீதம். நூறில் இருந்து நூற்று ஒன்றுக்குத்தான் நிஜமான ஒரு சதவீதம். ஆக, சுமை மிகக் குறைவாக இருக்கும்போது வேகமாக ஏறி, சுமை கூடக்கூட ஏறும் வேகம் தானாகவே குறைகிறது. தளர்ந்த மூட்டுகளுக்கு இது ரொம்பப் பொருத்தம். தசை சில வாரங்களில் வலுப்பெறும், தசைநாருக்கு அதைவிட அதிக நாள் வேண்டும். அந்த அவகாசம் இந்தத் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

பிள்ளையின் மனதுக்கும் இது ஒத்துப்போகிறது. டவுன் சிண்ட்ரோமில் காதால் கேட்டு நினைவில் நிறுத்துவது பலவீனம். கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வது அதோடு ஒப்பிட்டால் பலம். "இடுப்பை நேராக வச்சுக்கிட்டு மூச்சை உள்ளே இழுத்து மெதுவா கீழே போ" என்று ஒரே மூச்சில் நான்கு கட்டளை கொடுத்தால் முதல் கட்டளை மறந்திருக்கும். "நேத்து பதினாலு, இன்னிக்குப் பதினஞ்சு" என்று சுவரில் எழுதிக் காட்டினால் குழப்பத்துக்கு இடமில்லை. ஒழுங்கு மாறாமல் ஒரே வேளையில், ஒரே இடத்தில், ஒரே வரிசையில் செய்வதை இவர்கள் பெரும்பாலும் விரும்புவார்கள். பிடிவாதம் என்று நாம் பெயர் வைக்கும் அந்தக் குணத்தைப் பயிற்சியின் பக்கம் திருப்பிவிட்டால் அதைவிட நல்ல துணை வேறில்லை.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. மே மாதம் பனாமா சிட்டி பீச்சில் செய்வதாக இருந்த பாதித்தூரப் போட்டி ரத்தானது. அங்கேயே இந்தத் திட்டம் முடிந்துபோயிருக்கலாம். பதிலாக, தாங்கள் வசிக்கும் ஒர்லாண்டோ பகுதியிலேயே அந்தத் தூரத்தை அமைத்து முடித்தார்கள். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம்.

கூட ஓடிய ஆள்

டான் கிரீப் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் தன்னார்வலர். ஏற்கெனவே அயர்ன்மேன் முடித்த அனுபவம் உள்ளவர். போட்டியில் கிறிஸுக்கு வழிகாட்டியாக, தொடக்கத்தில் இருந்து கடைசி அடி வரை கூடவே வந்தவர் அவர்தான். நீச்சலின்போதும் ஓட்டத்தின்போதும் இருவரையும் ஒரு கயிறு இணைத்திருந்தது. சைக்கிளில் கயிறு கட்ட முடியாது. பக்கத்திலேயே தன் சைக்கிளில் வந்தார்.

வழிகாட்டி இழுத்துக்கொண்டு போகக் கூடாது. ஒவ்வொரு மீட்டரும் கிறிஸின் சொந்த உழைப்பாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் வழிகாட்டியின் வேலை என்ன? திசை காட்டுவது, நேரத்தைக் கணக்கு வைப்பது, எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்வது, ஆபத்தை முன்னால் பார்ப்பது. நீண்ட நேரம் ஒரு வேலையைத் தானே திட்டமிட்டுப் பிரித்துச் செய்வதுதான் டவுன் சிண்ட்ரோமில் கடினமான பகுதி. அந்தப் பகுதியை மட்டும் இன்னொருவர் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். உடல் வேலை முழுக்க கிறிஸிடம் இருந்தது. எதைப் பிள்ளை செய்ய வேண்டும், எதை நாம் செய்ய வேண்டும் என்ற இந்தப் பிரிவினை அவ்வளவு தெளிவாக இருந்தது. நம் வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. ஷூ லேஸ் கட்டுவதில் இருந்து தட்டைக் கழுவுவது வரை நாமே செய்துவிட்டு, "நீயா போய் வாக்கிங் போயிட்டு வா" என்று திட்டமிடும் வேலையைப் பிள்ளையிடம் விடுகிறோம்.

போட்டி நாளில் நீச்சல் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. கெட்ட நேரம் சைக்கிளில் வந்தது. சமநிலைச் சிக்கலால் கிறிஸால் ஓட்டிக்கொண்டே குடிக்கவும் சாப்பிடவும் முடியாது, இறங்கித்தான் ஆக வேண்டும். அப்படி ஓர் இடத்தில் இறங்கி நின்றபோது எறும்புப் புற்றின் மேல் கால் வைத்துவிட்டார். கணுக்காலில் கடித்துக் கால் வீங்கியது. வழியில் சைக்கிளில் இருந்து விழவும் செய்தார். எழுந்து மறுபடி ஏறினார். சைக்கிள் பகுதிக்கு எட்டு மணி நேரத்துக்கும் சற்று அதிகமாக ஆனது.

ஓட்டத்தில் வலி முற்றியது. ஒரு கட்டத்தில் தந்தை வந்து மகனைக் கட்டியணைத்துக் காதில் பேசினார்: வலி ஜெயிக்கணுமா, உன் கனவு ஜெயிக்கணுமா? கனவுதான் என்று மகன் சொன்னார், ஓடினார். இந்தக் காட்சியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதற்கு முன்னும் பின்னும் நடந்தது. அணைத்துவிட்டுத் தந்தை விலகிக்கொண்டார். கயிற்றின் மறுமுனையில் இருந்த டான் அடுத்த ஒவ்வொரு அடிக்கும் கூட இருந்தார். கெடுவுக்கு 13 நிமிடம் 51 விநாடி மிச்சம் இருக்கும்போது இருவரும் முடிவுக்கோட்டைத் தாண்டினார்கள்.

இது ஒருவருக்கு மட்டும் நடந்ததா?

ஒரே ஒருவரின் கதையை வைத்து மருத்துவ முடிவுக்கு வரக் கூடாது. அதனால் மற்ற இடங்களில் முறையாகச் செய்த ஆய்வுகள் என்ன காட்டின என்று பார்ப்போம்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தின் நோரா ஷீல்ட்ஸ் குழு செய்தது எனக்கு மிகவும் பிடித்தமானது. டவுன் சிண்ட்ரோம் உள்ள இளைஞர் ஒவ்வொருவருக்கும் ஓர் இயன்முறை மருத்துவ மாணவரைத் துணையாகச் சேர்த்தார்கள். மருத்துவமனையில் இல்லை, சாதாரண மக்கள் போகும் ஜிம்மில். வாரம் இரண்டு முறை, பத்து வாரம், எடை தூக்கும் பயிற்சி, படிப்படியாகச் சுமை கூட்டி. 2013இல் 68 பேரை வைத்து வெளியான ஆய்வில் கை, கால் இரண்டின் வலுவும் கூடியது தெரிந்தது. வேலைத்திறன் சோதனைகளில் மட்டும் அந்தப் பத்து வாரத்தில் தெளிவான முன்னேற்றம் இல்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். வாரம் இரண்டு முறை, பத்து வாரம் என்பது எந்தக் குடும்பத்துக்கும் எட்டக்கூடிய அளவு. அந்த மாணவர்கள் சம்பளம் வாங்கும் நிபுணர்களும் இல்லை.

சிகாகோவில் இலினாய் பல்கலைக்கழகத்தில் 2004இல் வெளியான ஆய்வு, வளர்ந்தவர்களைப் பற்றியது. 52 பேர், சராசரி வயது 40ஐ நெருங்கியது. வாரம் மூன்று நாள், ஒரு நாளில் 30 நிமிடம் இதயத்துக்கான பயிற்சியும் 15 நிமிடம் வலுப்பயிற்சியும், 12 வாரம். மூச்சுத் திறனும் வலுவும் நன்றாகவே உயர்ந்தன. எடை சிறிதளவு குறைந்தது. அதே பல்கலைக்கழகத்தின் இன்னோர் ஆய்வில், பயிற்சி செய்தவர்களுக்கு "என்னால் இது முடியும்" என்ற நம்பிக்கையும் உடற்பயிற்சி மீதான விருப்பமும் கூடியது தெரிந்தது. 40 வயதில் தொடங்கினாலும் பலன் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

குழந்தைப் பருவத்துக்கு டேல் உல்ரிக் குழுவின் இரண்டு ஆய்வுகள். முதலாவது 2001இல். இன்னும் நடக்காத, டவுன் சிண்ட்ரோம் உள்ள 30 குழந்தைகளில் ஒரு பகுதியினரைப் பெற்றோர் வீட்டிலேயே ஒரு சிறிய டிரெட்மில்லின் மேல் கைகளால் தாங்கிப் பிடித்து நடக்க வைத்தார்கள். ஒரு நாளைக்கு 8 நிமிடம், வாரத்துக்கு 5 நாள். அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட 101 நாள் முன்னதாகத் தானாக நடந்தார்கள். இரண்டாவது, 2011இல், சைக்கிள் பற்றியது. ஐந்து நாள் முகாமில் 8 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு சக்கர சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். பாதிக்கும் சற்று மேற்பட்டவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, கற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் நேரம் குறைந்திருந்தது, உடல் கொழுப்பிலும் நல்ல வேறுபாடு. சைக்கிள் தெரிந்த பிள்ளைக்குத் தெருவில் போகும் பிள்ளைகளோடு சேரக் காரணம் கிடைக்கிறது. 15 வயதில் கிறிஸ் கற்ற சைக்கிளும் அப்படித்தான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் கதவாக அமைந்தது.

இந்த ஆய்வுகளையும் கிறிஸின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பயிற்சி வகை ஒவ்வொன்றிலும் வேறு. எடை தூக்கல், டிரெட்மில், சைக்கிள், நீச்சல். எல்லாவற்றிலும் மாறாதது, ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் பெயர் தெரிந்த ஒரு மனிதர் குறித்த நேரத்துக்கு வந்து நின்றது. மாணவர், தாய், தந்தை, டான் கிரீப். கையில் ஓர் அச்சடித்த தாளைக் கொடுத்து "தினமும் இதைச் செய்யுங்க" என்று அனுப்பும் முறை இவர்களிடம் ஏன் பலிப்பதில்லை என்பது இங்கே புரியும்.

எடை பற்றி ஒரு வார்த்தை

பெற்றோர் பெரும்பாலும் எடைக்காகத்தான் பயிற்சி கேட்டு வருகிறார்கள். மூன்று மாதம் கழித்து முள் நகரவில்லை என்றால் நிறுத்திவிடுகிறார்கள். பயிற்சியால் மட்டும் எடை பெரிய அளவில் குறைவது அரிது, டவுன் சிண்ட்ரோம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எடைக்குச் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும், தைராய்டு பார்க்க வேண்டும், தூக்கம் பார்க்க வேண்டும். பயிற்சி தருவது வேறு: வலு, மூச்சு, விழாமல் நடப்பது, நல்ல தூக்கம், வயதான பிறகும் தானே எழுந்து தன் வேலையைச் செய்துகொள்ளும் நிலை. 1980களின் தொடக்கத்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் அமெரிக்காவில் சுமார் 25 ஆண்டு. இப்போது 60ஐ ஒட்டி. அவ்வளவு நீண்ட வாழ்க்கையில் யார் தூக்கிவிடுவார்கள் என்று காத்திருக்காமல் எழுந்து நிற்கும் தொடைத் தசை, எடை இயந்திரத்தில் குறையும் இரண்டு கிலோவைவிட மதிப்பு மிக்கது.

நம் வீட்டில் தொடங்குவதானால்

முதலில் மருத்துவரிடம் போவது சடங்கு இல்லை. இதயக் குறைபாடு இருந்ததா, அறுவை சிகிச்சை ஆனதா, ஏதாவது வால்வில் கசிவு மிச்சம் இருக்கிறதா என்று இதய மருத்துவர் சொல்ல வேண்டும். தைராய்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பிள்ளை குறட்டை விடுகிறதா, உட்கார்ந்துகொண்டே தூங்குகிறதா என்பதைக் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.

கழுத்து தனிக் கவனம் கேட்பது. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிப்பு சிலருக்குத் தளர்ந்திருக்கும். எக்ஸ்ரேயில் 10 முதல் 20 சதவீதம் பேருக்கு இது தெரியும். தண்டுவடம் அழுத்தப்பட்டுத் தொந்தரவு தருவது அதில் மிகச் சிலருக்குத்தான், ஆனால் வந்தால் பெரிய பாதிப்பு. எக்ஸ்ரே இயல்பாக இருந்தாலும் அதுவே உத்தரவாதம் ஆகாது என்பதால், இப்போது அறிகுறிகளைத்தான் அதிகம் நம்புகிறார்கள். கழுத்து வலி, தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருப்பது, நடை திடீரென்று மாறுவது, கையில் பிடித்த பொருள் நழுவுவது, ஏற்கெனவே நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் மறுபடி தொடங்குவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பாருங்கள். அறிகுறி இல்லாத பிள்ளைக்கும் குட்டிக்கரணம், தலைகீழாக நீரில் பாய்வது, பந்தைத் தலையால் முட்டுவது வேண்டாம். நம் ஊரில் கூடுதலாக ஒன்று: பள்ளி யோகா வகுப்பில் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் ஆகிய மூன்றையும் விட்டுவிடச் சொல்லி ஆசிரியரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள். தாடாசனம், விருட்சாசனம் போன்றவற்றைச் செய்யலாம். ஆனால் கால், இடுப்பு மூட்டுகள் அளவுக்கு மீறி வளைவதைப் பார்த்து "எவ்வளவு அழகா வளையுறான்" என்று இன்னும் வளைக்க வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்குத் தேவை வளைவு இல்லை, பிடிப்பு.

கடுமையை அளக்க இதயத்துடிப்பு எண்ணை விட்டுவிட்டுப் பேச்சைக் கவனியுங்கள். நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அளவு சரி. பேச்சே வரவில்லை என்றால் குறையுங்கள். நன்றாகப் பாடுகிறான் என்றால் கொஞ்சம் வேகம் கூட்டலாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் குறைபாடு உள்ளவர்களையும் முதன்முறையாகத் தனியாகக் குறிப்பிட்டு, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பையும், அதோடு வலுப்பயிற்சியையும் பரிந்துரைத்தது. அந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். ஐந்து நிமிடத்தில் தொடங்கினாலும் கணக்கில் சேரும்.

ஆளைத் தேடுவதுதான் கடினம், நிறைய நேரம் அதற்குச் செலவிடுங்கள். அப்பாவோ அம்மாவோ தினமும் கூட நடந்தால் நல்லதுதான். வெளியாள் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பெற்றோரிடம் செல்லம் கொஞ்சும் பிள்ளை மற்றவரிடம் வேறு மாதிரி நடந்துகொள்வான். பெரியப்பா மகன், எதிர்வீட்டுக் கல்லூரி மாணவி, பக்கத்து இயன்முறை மருத்துவக் கல்லூரியில் படிப்பவர். வாரம் இரண்டு நாள், ஒரே கிழமை, ஒரே நேரம் என்று வாக்குக் கொடுக்கக்கூடியவராக இருக்க வேண்டும். இந்தியாவில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் அமைப்பு இருக்கிறது. குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் ஆடும் விளையாட்டுகளை இந்த இயக்கம் நடத்துகிறது. உங்கள் மாவட்டத்தில் சிறப்புப் பள்ளி இருந்தால் அங்கே விசாரித்துப் பாருங்கள்.

சரி, கிறிஸ் போன தூரம் எல்லோருக்கும் வேண்டுமா? வேண்டாம். அயர்ன்மேன் யாருக்கும் மருத்துவப் பரிந்துரை ஆகாது. அந்தக் குடும்பத்துக்கு நேரம், பணம், நல்ல பயிற்சியாளர்கள், நீச்சல் குளம், பாதுகாப்பான சாலைகள் எல்லாம் இருந்தன. நம் ஊரில் காலை ஆறு மணிக்கு மேல் சைக்கிளில் போக இடமே இல்லாத தெருக்கள்தான் அதிகம். எடுத்துக்கொள்ள வேண்டியது தூரத்தை அல்ல, ஏற்றத்தின் முறையை. ஒரு தண்டாலுக்குச் சாலை வேண்டாம். தரையில் தண்டால் கடினம் என்றால் சுவரில் கை ஊன்றிச் செய்யலாம். பஸ்கிக்குப் பதில் நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரலாம்.

பிறகு நடந்தவை

கிறிஸ் அந்த ஒரு போட்டியோடு நிற்கவில்லை. 2021 ஜூலையில் எஸ்பி என்ற அமெரிக்க விளையாட்டு விருது விழாவில் விடாமுயற்சிக்கான ஜிம்மி வி விருது அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் பாஸ்டன் மராத்தான், நவம்பரில் நியூயார்க் மராத்தான். 2022 அக்டோபரில் ஹவாய் தீவின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் உலகச் சாம்பியன்ஷிப்பை 16 மணி 31 நிமிடத்தில் முடித்தார். காற்றும் வெயிலும் எரிமலைப் பாறைகளுமாக இருக்கும் பாதை அது. புளோரிடா நேரத்தைவிட சுமார் கால் மணி நேரம் குறைவு. ஒரு போட்டிக்காக மூட்டிவிட்ட உற்சாகமாக இருந்திருந்தால் இரண்டு ஆண்டுக்குப் பிறகு இந்த முன்னேற்றம் வந்திருக்காது. பயிற்சி அவருடைய அன்றாடமாக மாறியிருந்தது.

இனி கவனிக்க வேண்டியது நடுவயது. டவுன் சிண்ட்ரோமில் மூப்பு சீக்கிரம் வருகிறது. மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிவதோடு தொடர்புடைய மரபணு 21ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது, அதனால் அல்சைமர் நோய் பலருக்கு 50களிலேயே தலைகாட்டுகிறது. அந்த வயதில் "திடீர்னு மந்தமாயிட்டான்" என்று வரும் மாற்றம் அல்சைமராகவும் இருக்கலாம், தைராய்டாகவும் இருக்கலாம், தூக்கக் கோளாறாகவும் இருக்கலாம், கழுத்தாகவும் இருக்கலாம். முன்பு எப்படி இருந்தார் என்ற பதிவு கையில் இருந்தால்தான் எது என்று மருத்துவரால் பிரித்துப் பார்க்க முடியும்.

அதனால் இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான்கு விஷயம் எழுதுங்கள்: கையை ஊன்றாமல் 30 விநாடியில் நாற்காலியில் இருந்து எத்தனை முறை எழ முடிகிறது, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, ஒற்றைக்காலில் எத்தனை விநாடி நிற்க முடிகிறது, இடுப்புச் சுற்றளவு எவ்வளவு. எண்களைப் பிள்ளையே தன் கையால் எழுதட்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.